ஒரு வாசல், இரண்டு குடித்தனம்

சென்ற மாதம் என் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. வக்கீல் வரவில்லை, சங்கிலியை எடுத்துக்கொண்டு சர்வேயர் வரவில்லை, பெரியவர்கள் கூடி உட்கார்ந்து வெற்றிலையைக் காலி பண்ணவில்லை. சொத்து, என் மேஜைமேல் இருக்கும் மடிக்கணினி. மத்தியஸ்தம் செய்தவன் என் அக்கா பிள்ளை. பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பையன். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் 500 ஜி.பி. விஸ்தீரணம் என்று சொல்லி, அதன் நடுவே ஒரு கோடு போட்டு, ஏற்கெனவே குடியிருந்தவருக்கு ஒரு பக்கத்தையும் புதிதாக வரப்போகிறவருக்கு மறுபக்கத்தையும் ஒதுக்கினான். இந்தக் கோடு போடும் காரியத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்களும் 'பார்ட்டிஷன்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தஞ்சை ஜில்லாவில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் முனிசீப் கோர்ட்டு வாசல்தான் கண்முன் வந்து நிற்கும். அன்றைக்கும் வந்து நின்றது.

குடித்தனக்காரர் என்று நான் சொல்வது ஆபரேடிங் சிஸ்டத்தை. தமிழில் 'இயங்குதளம்' என்கிறார்கள். தளம் என்றால் எனக்கு மொட்டை மாடிதான் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டிருந்தால் 'காரியஸ்தன்' என்று பெயர் வைத்திருப்பேன். நாம் தட்டிய எழுத்தைத் திரையில் போடுவது, எழுதியதைப் பத்திரப்படுத்துவது, எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. யந்திரத்துக்கு எஜமான் நாம் என்பது பேச்சுக்குத்தான். சாவிக்கொத்து காரியஸ்தன் இடுப்பில் இருக்கிறது. ஒரே யந்திரத்தில் இப்படி இரண்டு பேரைக் குடிவைத்து, பொத்தானை அமுக்கும்போது, "இன்றைக்கு யார்?" என்று கேட்டுப் பொறுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'டூயல் பூட்' என்று பெயர். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கியே ஆகவேண்டும். இந்த மாதிரி ஒரு விதி சில கூட்டுக் குடும்பங்களில் இருந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் கோர்ட்டு ஏறியிருக்காது.

எனக்கு எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். நான் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கியபோது தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனியின் எழுத்துருவில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொரு கம்பெனி 'ழ'வை வைத்திருக்கும். யூனிகோட் என்ற பொதுக் கணக்கு நம்மிடையே வழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் 11 வருஷம் நான் எழுதியதெல்லாம் அப்படி ஒரு பழைய எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துருவும் அதற்கான புரோகிராமும் பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். வேறு எதில் திறந்தாலும் என் கதாநாயகி பேசுவதெல்லாம் கொக்கியும் புள்ளியுமாகத் தெரியும். ஆனால் பழைய சிஸ்டமோ, காலையில் பொத்தானை அமுக்கினால் நான் குளித்துவிட்டு வரும்வரை எழுந்திருப்பதில்லை. பழையதை விட மனசில்லை. புதியது இல்லாமல் முடியவில்லை. ஆகவே பாகப்பிரிவினை.

பையன் வேலையை முடித்துவிட்டு ஊருக்குப் போனான். அன்று இரவு நான் யந்திரத்தைத் திறந்தேன். புதியவர் வந்தார். ஜம்மென்று வந்தார். அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் புதியவரே வந்தார். பழையவர் இருந்த சுவடே இல்லை. யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று ஒரு கேள்வி வரும் என்றானே, அந்தக் கேள்வியும் வரவில்லை. 11 வருஷத்து எழுத்து! நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எடுத்து வைக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் மனைவி, "ஒரு பெட்டிக்காகப் பட்டினி கிடப்பார்களா?" என்றாள். பெட்டிக்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் பையன் ஓடிவந்தான். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, உள்ளே ஒண்ணும் போகலை. அவங்கவங்க அவங்கவங்க இடத்திலேயே இருக்காங்க. வாசல்லே ஆள் மாறியிருக்கான், அவ்வளவுதான். புது ஆளுக்குப் பழைய குடித்தனத்தைப் பத்தித் தெரியாது. நான்தான் சொல்லிவிட்டுப் போகணும், மறந்துட்டேன்."

ஏதோ இரண்டு வரி தட்டினான். மறுபடி திறந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் மேலும் கீழுமாக நின்றன. நான் கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். என் கதாநாயகி கொக்கியும் புள்ளியும் இல்லாமல் பேசினாள்.

உயிர் வந்துவிட்டது, ஆனால் நிம்மதி வரவில்லை. வீடு முழுவதும் பத்திரமாக இருக்கும்போது, வாசலில் நிற்கும் ஓர் ஆளுக்குத் தெரியாமல் போனதால் பாதி வீடே இல்லை என்றாகிவிட்டதே! அந்த வாசல் எங்கே இருக்கிறது? அங்கே ஆளை வைப்பவன் யார்? காலேஜில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத நான் இந்த ஒரு மாதமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் ஒரு நாவலுக்கு வேண்டிய சண்டை இருக்கிறது.

முதலில் அந்த 'பூட்' என்ற சொல். பூட்ஸ் மாட்டுவதற்குப் பின்பக்கம் ஒரு வார் தைத்திருப்பார்கள். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று வெள்ளைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். தன் தோளில் தானே ஏறுவது மாதிரி. கம்ப்யூட்டர் செய்வது அதுதான். மின்சாரம் வந்தவுடன் அதற்கு ஒன்றும் தெரியாது. டிஸ்கிலிருந்து ஆபரேடிங் சிஸ்டத்தை எடுத்து வரவேண்டும்; டிஸ்கை எப்படிப் படிப்பது என்று சொல்லவேண்டியதே அந்தச் சிஸ்டம்தான். ஆதி நாளில் ஆட்கள் யந்திரத்தின் முகப்பில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டி முதல் சில கட்டளைகளை ஊட்டினார்கள். பிறகு அழியாத நினைவுச் சில்லு ஒன்றில் அந்தக் கட்டளைகளைப் பதித்து உள்ளேயே வைத்தார்கள். பர்சனல் கம்ப்யூட்டரில் அந்தச் சில்லு செய்த கடைசிக் காரியம் ஒன்றே ஒன்று. டிஸ்கின் முதல் துண்டைப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதன் கையில் யந்திரத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். எழுதியவன் யார், நல்லவனா கெட்டவனா என்று கேட்காது.

அந்த முதல் துண்டின் அளவு 512 பைட். யூனிகோட் எழுத்தை இப்போது சேமித்து வைக்கும் வழக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது. 'கோ' என்று எழுதினால் இரண்டு குறி. அந்தக் கணக்கில் ஒரு தபால் கார்டு விஷயம்கூட 512 பைட்டில் அடங்காது. என் வீட்டுக்கு வாசல் அதுதான். கோடிக்கணக்கான டாலர் புரண்ட சண்டை அந்தத் தபால் கார்டுக்காக நடந்தது.

ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை 1981-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி வெளியிட்டபோது இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. அதற்கு மூன்று ஆபரேடிங் சிஸ்டங்களை அறிவித்தார்கள்: டாஸ், சி.பி.எம்-86, பி-சிஸ்டம். ஒவ்வொன்றும் தனித்தனி ஃப்ளாப்பியில் கிடைக்கும். வேண்டிய ஃப்ளாப்பியைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் அந்தச் சிஸ்டம் வரும். சிஸ்டத்தை மாற்றுவதும் இலையை மாற்றுவதும் ஒன்றுதான். டாஸுக்கு விலை 40 டாலர். சி.பி.எம்-86 சில மாதம் தாமதமாக வந்து 240 டாலர் கேட்டது. ஜனங்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பெரிய சரித்திர மாறுதல்களுக்குப் பெரிய காரணம் தேடுகிறவர்கள் சில சமயம் விலைப்பட்டியலையும் பார்ப்பது நல்லது.

1983 மார்ச்சில் வந்த எக்ஸ்.டி. என்ற யந்திரத்தில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றை உள்ளேயே திருகி வைத்துவிட்டார்கள். இனி இலையை மாற்ற முடியாது. எல்லாரும் ஒரே வீட்டில் குடியிருக்கவேண்டும். அப்போது அந்த முதல் 512 பைட்டை எப்படிப் பங்கிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தப் பெயர் தெரியாத என்ஜினீயர்கள்மேல் மரியாதை வந்தது. முதல் 446 பைட் வாசல்காரனுக்கு. அடுத்த 64 பைட் பாகப் பத்திரம். அதில் 16 பைட்டாக நாலு இனம். ஒவ்வொரு இனத்திலும் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த ஜாதிச் சிஸ்டம் குடியிருக்கிறது என்ற விவரம். கடைசி இரண்டு பைட், 55, ஏஏ என்று முத்திரை. நாலு இனத்தில் ஒன்றுக்கு மட்டும் 80 என்று ஒரு குறி போடலாம். அந்தக் குறி உள்ளவனைத்தான் வாசல்காரன் எழுப்புவான். ஆக, டிஸ்க் வீட்டுக்குள் வந்த அன்றே, இங்கே நாலு பேர் குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். ஒருவனே ஆளவேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. வினை அங்கேதான் முளைத்தது. 446 பைட்டில் யார் தன் ஆளை நிறுத்தலாம் என்பதற்கு விதி இல்லை. கடைசியாக வந்தவன் முன்பிருந்தவனை அழித்துவிட்டுத் தன் ஆளை நிறுத்திக்கொள்ளலாம். கேட்பார் கிடையாது. டாஸும் அதன் பின் வந்த விண்டோஸும் புதிதாகக் குடியேறும்போதெல்லாம் வாசலில் தங்கள் ஆளை வைத்துவிட்டு மறுவேலை பார்த்தன. அந்த ஆளுக்குப் பக்கத்துக் குடித்தனத்தின் பெயர்கூடத் தெரியாது. 1992-இல் ஐ.பி.எம்., தன் ஓ.எஸ்/2 சிஸ்டத்தோடு, 'பூட் மேனேஜர்' என்று ஒரு வாசல்காரனை அனுப்பி அவனுக்கு 1 எம்.பி.யில் தனி அறையும் கொடுத்தது. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி., வீட்டில் பழைய டாஸ் இருந்தால் அதன் பெயரையும் பட்டியலில் போட்டுக் கேட்டது. சொந்தக்காரர்களிடம் எல்லாருக்கும் மரியாதை உண்டு.

பின்லாந்துக்குப் போகவேண்டும். 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவன் தவணையில் ஒரு 386 யந்திரம் வாங்கினான். அதில் டாஸ் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்ற சிறு சிஸ்டத்தையும் அவன் தன் டிஸ்கில் குடிவைத்தான். பிறகு, பொழுதுபோக்காகத் தானே ஒரு சிஸ்டம் எழுதத் தொடங்கினான். அதுதான் லினக்ஸ். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள், மோடத்தின் வழியாகச் சர்வகலாசாலைக் கம்ப்யூட்டருக்கு டெலிபோன் போடும் கட்டளையைக் கை தவறி மோடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டான். கட்டளை மினிக்ஸ் இருந்த பாகத்தின்மேல் போய் எழுதிக்கொண்டது. மினிக்ஸ் போயிற்று. திரும்பக் குடிவைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம், தன் சிஸ்டத்தையே நிமிர்த்தி நிறுத்திவிடுவோம் என்று தீர்மானித்தான். இன்று உலகத்தில் கோடிக்கணக்கான யந்திரங்களில் ஓடும் ஒரு சிஸ்டம், ஒரு பையன் தப்பான நம்பரைச் சுழற்றியதனால் தைரியம் பெற்றது. இதை நான் கதையில் எழுதியிருந்தால் பத்திராசிரியர் அடித்துவிடுவார்.

லினக்ஸை வைத்துக்கொண்டவர்களில் அநேகம் பேர் டாஸையோ விண்டோஸையோ விட்டுவிடவில்லை, விடவும் முடியாது. ஆபீஸ் வேலை அதில் இருந்தது. ஆகவே வாசலில் இரண்டு பேரையும் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டான். 1992-இல் வெர்னர் அல்மஸ்பெர்கர் எழுதிய 'லிலோ' அந்த வேலைக்கு வந்தது. அதன் சுபாவம் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. தன் பெயரின் நாலு ஆங்கில எழுத்துகளையும் ஒரேயடியாகத் திரையில் போடாது. ஒவ்வொரு படி தாண்டியதும் ஓர் எழுத்து. எல், ஐ, எல், ஓ. நாலும் வந்தால் நல்ல காலம். இரண்டாவது எழுத்தோடு நின்றுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. அந்த நாள் ஆசாமிகளிடம் பேசிப் பாருங்கள். கறுப்புத் திரையில் இரண்டு எழுத்தோடு நின்ற ராத்திரிகளை, பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்ட ராத்திரியைப்போல் விவரிப்பார்கள்.

லிலோவுக்கு ஒரு குறை. சிஸ்டம் டிஸ்கில் எந்தெந்தத் துண்டில் இருக்கிறது என்று இலக்கத்தை மட்டுமே குறித்து வைத்திருக்கும். சிஸ்டத்தைப் புதுப்பித்துவிட்டு லிலோவிடம் சொல்ல மறந்தால், பழைய இலக்கத்துக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு விழிக்கும். எரிக் போலின் 1995-இல் எழுதத் தொடங்கிய 'க்ரப்' அப்படி இல்லை. அதற்கு டிஸ்கின் தெருக்களைப் படிக்கத் தெரியும். பெயரைச் சொன்னால் தேடிக் கண்டுபிடிக்கும். என் வீட்டு வாசலில் இன்று நிற்பது அதன் பேரப்பிள்ளை. ஆனால் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும், இன்னொரு குடித்தனம் இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டும், அல்லது எட்டிப்பார்க்க அனுமதி தரவேண்டும். பையன் மறந்தது அதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் கைத்தவறு, கவனக்குறைவு. இனிச் சொல்லப்போவது வேறு.

ழான் லூயி கஸ்ஸே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ஆப்பிள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். 1990-இல் அங்கிருந்து விலகி 'பி' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அவர்கள் செய்த சிஸ்டத்துக்கு 'பிஓஎஸ்' என்று பெயர். பழைய மூட்டை எதையும் சுமக்காமல் புதிதாக எழுதியது. ஒரே சமயத்தில் பல படங்களை ஓட்டினாலும் திக்காது என்று பெயர் வாங்கியது. ஆப்பிளே அதை விலைக்குக் கேட்டுப் பேரம் படியாமல், 1996 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கிவிட்டது. 1998-இல் பிஓஎஸ் சாதாரணப் பர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்தது. கஸ்ஸே புத்திசாலி. விண்டோஸை விரட்டிவிட்டு வீட்டை எனக்குக் கொடு என்று அவர் கேட்கவில்லை. விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பாகம் போதும் என்றார். கடைசியில், காசுகூட வேண்டாம், இலவசமாகத் தருகிறேன் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: வாங்கியவர் முதல் தடவை பொத்தானை அமுக்கும்போது அந்தப் பெயரும் திரையில் தெரியவேண்டும்.

ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனி தன் ஃப்ளோரா ப்ரையஸ் என்ற யந்திரத்தில் அதை வைத்து விற்க ஒப்புக்கொண்டது. விற்கவும் விற்றது. சிஸ்டம் டிஸ்கில் இருந்தது. ஆனால் பொத்தானை அமுக்கினால் விண்டோஸ்தான் வரும். இன்னொன்று இருக்கிறது என்று திரையில் ஓர் எழுத்து கிடையாது. வேண்டியவர்கள் பி கம்பெனியின் குறிப்பைத் தேடிப் படித்து, ஃப்ளாப்பி ஒன்றைத் தயார் செய்து, ஒளித்து வைத்திருந்த பாகத்தை வெளிக்கொண்டு வரவேண்டும். சாமான் செட்டோடு ஒருவனைக் குடிவைத்துவிட்டு, அவன் பக்கத்து அறைக்குக் கதவு வைக்காமல் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

ஏன் என்றால், விண்டோஸ் வாங்கி விற்கும் கம்பெனிகள் மைக்ரோசாப்ட்டோடு கையெழுத்திட்ட உரிம ஒப்பந்தம். யந்திரத்தைத் திறந்ததிலிருந்து விண்டோஸ் முகம் தெரியும்வரை நடக்கும் வரிசையை விற்பவர்கள் மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருந்தது. இது வதந்தி அல்ல; அமெரிக்க அரசு 1998-இல் தொடர்ந்த வழக்கில், நீதிபதி தாமஸ் ஜாக்சன் 1999 நவம்பரில் எழுதிய தீர்மானங்களில் அந்தக் கட்டுப்பாடு விரிவாகப் பேசப்படுகிறது. அந்த வழக்கில் ஊர் முழுவதும் பார்த்தது பிரௌசர் சண்டையைத்தான். வாசல் சண்டையை அதிகம் பேர் கவனிக்கவில்லை. திருட்டு என்றால் உள்ளே இருக்கும் நகையைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள். வாசற்படி எண்ணிக்கையில் வருவதில்லை.

2002 நவம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு சிறு பிரிவு: கம்ப்யூட்டர் விற்பவர்கள், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வேறு வாசல்காரனை வைத்து வேறு சிஸ்டத்தையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அளித்தால் அதை மைக்ரோசாப்ட் தடுக்கக்கூடாது. டூயல் பூட்டுக்கு ஓர் அரசாங்க நீதிமன்றம் உரிமைச் சாசனம் எழுதியது. ஆனால் யாருக்காக எழுதியது? பி கம்பெனி அதற்கு முந்திய வருஷமே தன் சொத்தை 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பாம் கம்பெனிக்கு விற்றுவிட்டது. எஞ்சியிருந்த எலும்புக்கூடு 2002 பிப்ரவரியில் தன் பங்குக்கு ஒரு வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல், 2 கோடியே 32½ லட்சம் டாலர் கொடுத்து மைக்ரோசாப்ட் சமரசம் செய்துகொண்டது. கம்பெனி உயிரோடு இருந்தபோது விற்ற விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், செத்த பிறகு கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு பக்கம்தான் நியாயம் என்று அடித்துச் சொல்ல விருப்பமில்லை. பிஓஎஸ் நல்ல சிஸ்டமானாலும் அதற்குப் புரோகிராம்கள் குறைவு. கதவு இருந்திருந்தால்கூட ஜனங்கள் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவது ஒன்று. அறை இருப்பதே தெரியாமல் இருப்பது ஒன்று. வாசகர்கள் படித்துவிட்டு நன்றாயில்லை என்று மூடிய புத்தகங்கள் என்னுடையவை சில உண்டு. அவற்றுக்காக நான் அழுததில்லை. அச்சாகியும் கடைக்கே போகாமல் கட்டோடு கிடந்த ஒன்று உண்டு. அதை இன்றும் நினைத்தால் தொண்டையை அடைக்கிறது. கஸ்ஸேயின் துக்கம் எனக்குப் புரிகிற துக்கம். பிற்பாடு அந்தச் சிஸ்டத்தை நேசித்த சிலர், 'ஹைக்கு' என்ற பெயரில் அதைத் தாங்களே புதிதாக எழுதி வருகிறார்கள். அதைப் பழைய யந்திரங்களில் இன்னொரு குடித்தனமாக வைத்துக்கொள்ளும் பைத்தியங்கள் இப்போதும் உண்டு.

ஆப்பிள் கதை சுருக்கமானது. 2006 ஜனவரியில் அதன் யந்திரங்கள் இன்டெல் சில்லுக்கு மாறியதும், அதில் விண்டோஸை எழுப்புகிறவர்களுக்கு என்று நேயர்கள் சந்தா போட்டு 13,000 டாலருக்கு மேல் பரிசு வைத்தார்கள். மார்ச்சில் இரண்டு பேர் செய்து காட்டிவிட்டார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி ஆப்பிளே 'பூட் கேம்ப்' என்ற கருவியை வெளியிட்டுக் கதவைத் திறந்துவிட்டது. 2020-இல் சொந்தச் சில்லுக்கு மாறியபோது அந்த யந்திரங்களில் கதவு மறுபடி மூடிக்கொண்டது. திறக்கும்போது ஊரைக் கூட்டினார்கள், மூடும்போது கூட்டவில்லை.

இன்றைய யந்திரங்களில் அந்த 512 பைட் வாசல் போய்விட்டது. யூ.இ.எஃப்.ஐ. என்ற புது முறையில் வாசல்காரர்களுக்கென்றே டிஸ்கில் ஒரு சிறு பாகம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தனித்தனி அறையில் இருக்கலாம். ஒருவனை அழித்துத்தான் இன்னொருவன் வரவேண்டும் என்பதில்லை. நல்ல காரியம். ஆனால் 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கூடவே ஒரு போலீஸ் விசாரணையும் வந்தது. திருட்டுப் புரோகிராம் எதுவும் வாசற்காரன் வேஷத்தில் நுழைந்துவிடாதபடி, முத்திரை உள்ளவனைத்தான் யந்திரம் நம்பும். 'செக்யூர் பூட்' என்று பெயர். பயம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலான யந்திரங்களில் பதித்து வந்த முத்திரைச் சாவி மைக்ரோசாப்ட்டுடையது. லினக்ஸ்காரர்கள் (2012-இல் அதற்குக் கட்டணம் 99 டாலர்) பதிந்துகொண்டு, 'ஷிம்' என்ற சின்னஞ்சிறு புரோகிராம் ஒன்றுக்கு அந்தக் கையெழுத்தை வாங்கி, அதன் சிபாரிசில் தங்கள் ஆளை உள்ளே விடுகிறார்கள். மாத்யூ கேரட் என்பவர் வகுத்த வழி. 2024 ஆகஸ்டில், பழைய ஓட்டையுள்ள வாசல்காரர்களைத் தள்ளிவைப்பதற்காக விண்டோஸுக்கு ஒரு திருத்தம் வந்தது. இரண்டு குடித்தனம் உள்ள வீடுகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். சில வீடுகளில் இரண்டாவது குடித்தனம் இருப்பது அதன் கண்ணில் படவில்லை. மறுநாள் காலையில் அங்கெல்லாம் லினக்ஸ் எழுந்திருக்கவில்லை. ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்ற அர்த்தத்தில் ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. அதற்கு முழுப் பரிகாரம் 2025 மே மாதத்தில்தான் வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பையனிடம், "உனக்கு யாரடா இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை மாமா. அக்காவோட லேப்டாப்."

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது இரண்டு குடித்தனம் வைத்தே கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ், மற்றொன்று சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் தயாரித்த பாஸ் லினக்ஸ். அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. திறந்தால் சில விநாடிகள் இரண்டு பெயரும் தெரியும். ஒன்றும் அமுக்காவிட்டால் மேலே இருப்பது தானாக வந்துவிடும். வீட்டில் எல்லாரும் மேலே இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் ஒருநாள், அவள் டியூஷனுக்குப் போயிருந்த சமயம், கீழே இருப்பது என்ன என்று பார்க்க அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினானாம்.

"அக்கா வந்து அடிச்சா மாமா, கெடுத்துட்டேன்னு. நான் அணைச்சுட்டு மறுபடி போட்டுக் காட்டினேன்."

இந்தக் கட்டுரைக்காகக் கேட்டது போதும் என்று எழுந்தேன். அவன் என் யந்திரத்தைப் பார்த்துவிட்டு, "10 விநாடி வெச்சிருக்கேன் மாமா, அதுக்குள்ளே நீங்க அமுக்காட்டி புதுசு வந்துடும். பழசு வரணுமா, புதுசு வரணுமா, முதல்லே எதை வைக்கட்டும்?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "தானாக எதுவும் வராமல் வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

முடியும் என்றான். வைத்துவிட்டுப் போனான். இப்போது காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு நான் பாட்டுக்குக் காபிக்குப் போகிறேன். வந்து பார்த்தால் இரண்டு பெயரையும் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது.